தோர்மன் செத்ததும் என் தம்பி கோபித்துக்கொண்டதும்

1

போன வாரம் எங்கள் வீட்டில் தோர்மனுக்கு முதல் வருஷத் திவசம். என் மகள் மித்ரா கறுப்புச் சட்டை, கறுப்புப் பேன்ட், கறுப்பு சாக்ஸ் சகிதம் பள்ளிக்கூடம் போனாள். நான் என் பங்குக்கு உளுந்த வடை சுட்டேன். என் வீட்டுக்காரர் மூச்சுவிடாமல் வடையைத் தின்று முடித்துவிட்டு, "செத்தது யாருன்னு கடைசிவரைக்கும் சொல்லலியே?" என்று கேட்டார். அவர் எப்போதும் அப்படித்தான். பந்தியில் முதல் ஆள், துட்டி வீட்டில் கடைசி ஆள்.

தோர்மன் எங்கள் சொந்தக்காரர் இல்லை. உயிரோடு இருந்தவரும் இல்லை. 'கல்மலை வம்சம்' என்று ஒரு மாயாஜாலக் கதை. ஆங்கிலத்தில் ஒரு மனிதர் தலையணை தலையணையாக ஐந்து புத்தகம் எழுதினார். ஆறாவது இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவர் எழுதுவதற்குள் பொறுமை இழந்த டிவிக்காரர்கள் அதைத் தொடராக எடுத்து, தங்கள் இஷ்டத்துக்கு ஒரு முடிவையும் ஒட்டி, உலகத்தில் உள்ள அத்தனை மொழியிலும் டப்பிங் செய்து விட்டுவிட்டார்கள். தமிழிலும் வந்தது. கடைசிப் பகுதியில் தோர்மன் செத்தான்.

அது போன வருஷம். அப்போது எனக்குத் தோர்மன் யார் என்றே தெரியாது. காலையில் மகள் கறுப்பு உடுத்திக்கொண்டு, அழுத கண்ணோடு வந்து நின்றாள். "யாரும்மா செத்தா?" என்று பதறிக் கேட்டேன். "தோர்மன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கூடப் படிக்கிற பையன் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் சாவு வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் காப்பி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, பெரிய ஃப்ளாஸ்க் நிறைய காப்பி போட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன், தோர்மன் வீட்டு விலாசம் கேட்க.

வகுப்பு ஆசிரியையும் கறுப்பில்தான் இருந்தார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் துக்கம் விசாரித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு உணர்வுள்ள தாயை நான் பார்த்ததில்லை" என்றார். விஷயம் விளங்கியபோது காப்பியில் பாதியை அவர் குடித்து முடித்திருந்தார். மீதியை நான் குடித்தேன். அன்று சாயங்காலம் மித்ரா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பேசினாள், ஜெர்மனில், வேகமாக.

2

அந்த வேகம்தான் என் பிரச்சினை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

நான் சங்கரன்கோவில்காரி. பெயர் கோமதி. அம்மன் பெயர். எங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் "கோமதி" என்று கூப்பிட்டால் ஒரு பெஞ்சே எழுந்து நிற்கும். என் தம்பி பெயர் சங்கர் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. கல்யாணமாகி ஷ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு வந்தேன். இங்கே ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. நாள் முழுக்க ரத்தக் குப்பிகளோடு. ரத்தத்தோடு பேச மொழி தேவையில்லை என்பதால் என் ஜெர்மன் வளரவே இல்லை. காய்கறி வாங்கும், ரயில் மாறும், டாக்டரிடம் வலி சொல்லும். அதற்கு மேல் கேட்டால் கையை விரித்துவிடும்.

இந்த மொழியிலும் நம்மைப் போலவே நீ, நீங்கள் உண்டு. வந்த புதிதில் விசா நீட்டிக்கப் போன இடத்தில், நரைத்த மீசையோடு இருந்த அதிகாரியைப் பார்த்து, "நீ என் பேப்பரைப் பார்த்தியா? நீ எப்போ முடிப்பே?" என்று கேட்டிருக்கிறேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நாம் அவ்வளவு பழகவில்லையே அம்மா" என்றார். பேப்பர் வர எட்டு மாதம் ஆனது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை.

மித்ரா இங்கேயே பிறந்தவள். நாலு வயது வரை என்னோடு தமிழ்தான். பள்ளிக்கூடம் போனதும் ஒவ்வொரு வார்த்தையாகக் கழன்றது. பிறகு நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். வெளிநாட்டில் குடியேறிய நம்மவர் வீடு எல்லாம் இப்படித்தான், இதில் அழ ஒன்றும் இல்லை என்று நானும் இருந்தேன். ஆனால் அவள் வளர்ந்து என்னைத் திட்ட ஆரம்பித்தபோதுதான் உறைத்தது. வயசுப்பிள்ளை, அம்மாவைத் திட்டத்தான் செய்யும். நானும் என் அம்மாவைத் திட்டியவள்தான். ஆனால் இவள் திட்டுவதில் பாதிதான் எனக்குப் புரியும். மீதிப் பாதியை நானே கற்பனை செய்து நிரப்பிக்கொள்வேன். அவள் சொன்னதைவிட நான் நிரப்பியது கேவலமாக இருக்கும். நான் தமிழில் திருப்பித் திட்டினால் அவளுக்கும் பாதிதான் போய்ச் சேரும். ஆளுக்குப் பாதியாகச் சண்டை போட்டுவிட்டு, ஆளுக்கொரு அறையில் போய் உட்காருவோம். ஒழுங்காகச் சண்டை போட முடியாத வீட்டில் ஒழுங்காகச் சமாதானமும் ஆக முடியாது. அது எனக்கு ரொம்ப வருத்தம்.

3

தம்பி சங்கருக்கு ஊரில் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. விடிவதற்குள் மல்லி, பிச்சி, கேந்தி எல்லாம் சுற்றுவட்டாரத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் ஏலம் முடிந்து, சாக்கு மேல் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவான். அந்த நேரத்தில்தான் எனக்குப் போன் போடுவான். மருமகளிடம் போனைக் கொடுத்தால் இரண்டே கேள்வி. "சாப்ட்டியா மக்கா? பள்ளிக்கூடம் போறியா?" இவளும் இரண்டே பதில். "ம். ம்." வருஷக்கணக்காக இதுதான் தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் நடந்த மொத்தப் பேச்சுவார்த்தை.

ஒரு நாள் அவன் போனைப் பிடித்திருக்கும்போது பின்னாலிருந்து ஒரு கம்பீரக் குரல் கேட்டது. "இளவரசி வெல்கா! தங்கள் வாளைத் தாழ்த்துங்கள்!" மித்ரா துள்ளி எழுந்தாள். "மாமா, நீங்க... கல்மலை?"

"ஆமா மக்கா. நாலாவது சீசன் ஓடுது. மார்க்கெட்டே பாக்குதுலா."

அன்றைக்குப் பிடித்த பேச்சு. மித்ரா, மாமா, நான் என்று மூன்று பேர் மட்டும் இருந்த வாட்ஸாப் குழுவுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள், 'கல்மலைக் காவலர்'. பறக்கும் கரடி யார் வளர்த்தது, வடக்குக் கோபுரத்தில் பூட்டிக் கிடப்பவன் யார், மொட்டைத் துறவிக்கு எத்தனை வயது என்று குரல் செய்தியாகப் பறந்தது. பேசத் தமிழ் வேண்டும் என்பதால் மித்ரா தமிழ் டப்பிங்கை முதலிலிருந்து பார்த்தாள். வார்த்தைகள் கொட்டின. என்ன, எல்லாம் அரண்மனைத் தமிழ். காலையில் அடுக்களைக்கு வந்து, "தாயே, சிற்றுண்டி ஆயத்தமா?" என்பாள். குளியலறைக் கதவைத் தட்டினால், "பொறுத்திருங்கள், இல்லையேல் விளைவுகள் கடுமையாக இருக்கும்" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். அதோடு மாமாவின் பேச்சும் ஒட்டிக்கொண்டது. தமிழ்க் கடையில் வெண்டைக்காய் வாங்கப் போனவள், கடைக்காரரைப் பார்த்து, "வணிகரே, இது முத்தல்லா வே?" என்றாள். யாழ்ப்பாணத்துக்காரரான அவர் அசந்துபோய் அரைக் கிலோ சும்மா போட்டுக் கொடுத்தார்.

எனக்குக் கதையில் ஒரு மண்ணும் புரியவில்லை, ஒரு பெயரும் மனசில் நிற்கவில்லை. கரடி பறந்தால் என்ன, நீந்தினால் என்ன. என் பிள்ளை வாயில் தமிழ் வந்தது. அந்தக் கரடிக்கு நான் கோவில் கட்டவும் தயாராக இருந்தேன்.

4

அப்புறம்தான் தோர்மன் செத்தான்.

இங்கே கதை கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெல்கா தாயில்லாத இளவரசி. தோர்மன் அவளுடைய தாய்மாமன். சிறு வயது முதல் தூக்கி வளர்த்தவன். அவன் கடைசிப் பகுதியில் கோட்டைக் கதவைத் திறந்து எதிரியிடம் அவளைக் காட்டிக்கொடுக்கிறான். அவள் அவனை வெட்டிவிடுகிறாள். படம் முடிந்தது. வணக்கம்.

உலகமே கொதித்தது. எங்கள் ஊர்ப் பூ மார்க்கெட் தனியாகக் கொதித்தது. மற்ற நாட்டுக்காரர்களுக்கு அது ஒரு துரோகம், அவ்வளவுதான். எங்கள் பக்கம் அப்படி விட முடியுமா? தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். கல்யாணத்தில் அவன் மாலை போடாமல் எதுவும் நகராது. அப்பேர்ப்பட்ட ஆள் காட்டிக்கொடுப்பானா? சங்கர் ஒரு நாள் முழுக்க யோசித்து ஒரு தியரி கண்டுபிடித்து அனுப்பினான்.

"மக்கா, கேட்டுக்கோ. தோர்மன் துரோகம் பண்ணல. பண்ணுத மாதிரி நடிச்சான். எதிரிய உள்ள விட்டு அடிக்கத்தான் கதவத் தொறந்தான். அதுக்குள்ள இந்தப் பிள்ள அவசரப்பட்டு வெட்டிட்டா. தாய்மாமன் ஒருநாளும் துரோகம் பண்ண மாட்டான்."

மித்ரா பதில் போட்டாள். "இல்ல மாமா. உங்க தியரி தப்பு. அவன் துரோகிதான். ஏன்னு சொல்ல முடியாது. ஆனா தப்பு."

"ஏன் சொல்ல முடியாது?"

"முடியாது மாமா."

"அப்ப ஒங்கிட்ட காரணம் இல்ல."

இப்படியே இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் சங்கருக்கு வாய் தவறிவிட்டது. "தாய்மாமன் மொற பத்தி ஒனக்கு என்னட்டி தெரியும்? சடங்குக்கே மாமன் வேண்டாம்னு சொன்னவதான நீ" என்று அனுப்பிவிட்டான்.

அது பழைய புண். மித்ரா பெரியவளானபோது ஊரில் வைத்துச் சடங்கு செய்ய சங்கர் ஆசைப்பட்டான். அரக்கு நிறத்தில் பட்டு எடுத்து, மண்டபம்கூடப் பார்த்து வைத்திருந்தான். "என் உடம்பில் நடப்பதை ஏன் மைக் போட்டு ஊருக்குச் சொல்ல வேண்டும்?" என்று இவள் மறுத்தாள். அவள் சொன்னதில் தப்பில்லை என்று நானும் அவள் பக்கம் நின்றேன். "சரிக்கா" என்ற ஒரே வார்த்தையோடு சங்கர் விட்டுவிட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். விடவில்லை.

மித்ராவுக்கு முகம் சிவந்தது. அவளுக்குத் தெரிந்த கோபத் தமிழ் டப்பிங் தமிழ்தான். வெல்கா வாளை ஓங்கியபடி தோர்மனிடம் சொல்லும் வசனத்தை அப்படியே எடுத்துப் பேசி அனுப்பினாள். "இக்கணம் முதல் உமது உறவு எமக்குத் தேவையில்லை."

அவளுக்கு அது வசனம். கடையில் பத்துப் பேர் நடுவில் சாக்கு மேல் உட்கார்ந்து கேட்டவனுக்கு அது வசனமாகப் படவில்லை. அடுத்த நிமிஷம் அவன் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான்.

5

அதோடு எங்கள் வீட்டில் தமிழும் வெளியேறியது. "தாயே" போய், பழைய "ம்" வந்தது. சங்கர் எனக்குப் போன் செய்வான். பூ விலை சொல்வான், வெயில் சொல்வான். மருமகளைப் பற்றிக் கேட்க மாட்டான். இருவரையும் உட்கார வைத்துப் பேசலாம் என்றால் எனக்குக் கதை தெரியாது. வழக்கு என்ன என்றே தெரியாமல் பஞ்சாயத்துக்கு எப்படிப் போவது?

ஆகவே படித்தேன். தொடர் முழுவதையும் பார்த்தேன், ஐந்து புத்தகத்தையும் படித்தேன். ஆய்வகத்துக்குப் போகிற டிராமில், வருகிற டிராமில், குக்கர் விசிலுக்கு நடுவில். ஆங்கிலத்தில் நாவல் படித்துப் பழக்கமில்லை. மரத்தைப் பற்றி இரண்டு பக்கம், மழையைப் பற்றி மூன்று பக்கம், சாப்பாட்டைப் பற்றி மட்டும் பதினொரு பக்கம் எழுதுகிறார். எழுத்தாளர் பசியோடு உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். டிவிக்காரர்களோ இதற்கு நேர் எதிர். புத்தகத்தில் கரடி பகலில் பறக்கும், மீன் பிடிக்கும், கோபித்துக்கொள்ளும். தொடரில் பனிமூட்டத்துக்குள் ஒரு உறுமல், ஒரு இறகு, அவ்வளவுதான். காசு மிச்சம் பிடிக்கிற லட்சணம்.

மூன்றாவது புத்தகத்தில் நான் ரசிகையாகிவிட்டேன். எனக்கென்று ஒரு தியரியும் வந்தது. வெல்காவின் அம்மாவை முதல் அத்தியாயத்திலேயே கொன்றுவிடுகிறார்கள். ஆற்றில் விழுந்தாள் என்கிறார்கள். பிணம் கிடைக்கவில்லை. இணையத்தில் தேடிப் பார்த்தேன். கரடியின் பாட்டி யார் என்று சண்டை போட லட்சம் பேர் இருக்கிறார்கள், அந்தத் தாய் என்ன ஆனாள் என்று கேட்க நாதி இல்லை. பெண் பிள்ளை வாள் தூக்க வேண்டுமானால் முதலில் அம்மா சாக வேண்டும் போலிருக்கிறது. என் தியரி, ராணி சாகவில்லை. வேற்று நாட்டில் எங்கேயோ பாஷை தெரியாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மித்ராவிடம் சொன்னதற்கு "ம்" என்றாள். அது கிடக்கட்டும். ஐந்தாவது புத்தகத்தில்தான் உண்மை உடைந்தது. புத்தகத்தில் தோர்மன் துரோகியே இல்லை! அங்கே வெல்காவுக்கு இரண்டு பேர். அம்மாவின் தம்பி தோர்மன், அப்பாவின் தம்பி ஹால்வன். காட்டிக்கொடுப்பவன் சித்தப்பா ஹால்வன். தாய்மாமன் தோர்மன் கோட்டை வாசலில் தனி ஆளாக நின்று, மருமகளுக்காகச் சாகிறான். டிவிக்காரர்கள் ஹால்வனைக் கதையிலிருந்தே வெட்டிவிட்டு, அவன் செய்த பாவத்தையெல்லாம் தோர்மன் தலையில் கட்டிவிட்டார்கள். அதனால்தான் தொடரில் தோர்மன் எட்டு வருஷம் நல்லவனாக இருந்து ஒரே நாளில் கெட்டுப் போகிறான். என் தம்பி புத்தகத்தைத் தொடாமலே, தாய்மாமன் மனசு ஒன்றை வைத்தே, இங்கே ஏதோ கோளாறு இருக்கிறது என்று பிடித்திருக்கிறான். எனக்கு டிராமிலேயே கண் கலங்கிவிட்டது. பக்கத்து இருக்கை அம்மாள் கைக்குட்டை நீட்டினார். தோர்மனுக்காக ஜெர்மனிக்காரர்களுக்கு நான் கொடுத்தது காப்பி, அவர்கள் கொடுத்தது கைக்குட்டை.

வீட்டுக்கு வந்ததும் மித்ராவைப் பிடித்தேன். "புத்தகமெல்லாம் முன்னமே படிச்சவதான நீ, இதை முதல்லயே மாமாட்ட சொல்லியிருக்கலாமே?"

என்னை ஒரு கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஜெர்மனில் சொன்னாள். மாமா இன்னும் புத்தகம் படிக்கவில்லை. படிக்காதவரிடம் முடிவைச் சொல்வது பெரும் பாவம். ஸ்பாய்லர்.

"அவன் எங்கம்மா இங்கிலீஷ்ல படிக்கப் போறான்?"

அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். மாமா கோபித்துக்கொண்டாலும் சரி, உறவு அறுந்தாலும் சரி, அவர் என்றைக்காவது படித்து அந்த வாசல் காட்சியை அவராகவே அடைய வேண்டும் என்று இந்தப் பிள்ளை வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. நீயும் சொல்லக் கூடாது என்று என்னிடமும் சத்தியம் கேட்டாள். நான் "சரி சரி" என்றேன்.

6

போன வருஷம் ஆடித்தபசும் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வந்தன. ஊருக்குப் போவது என்று முடிவு செய்தேன். எனக்கு இந்தியப் பாஸ்போர்ட், அவளுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட். அவளுக்கு விசா வேண்டும். அந்த விண்ணப்பம் இருக்கிறதே, ஆறாவது புத்தகம் எழுதாத எழுத்தாளரைக்கூட எழுத வைத்துவிடும். வருகையின் நோக்கம் என்ன? தாய்மாமனோடு சமாதானம் என்று ஒரு கட்டம் இல்லை. சுற்றுலா என்று போட்டேன். என் வயிற்றில் பிறந்தவள் என் ஊருக்குச் சுற்றுலாப் பயணி. அடுத்து, இந்தியாவில் உங்களை அறிந்த ஒருவரின் பெயர், முகவரி. சங்கர் பெயரைப் போட்டேன். மித்ரா திரையை எட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஆனால் அழிக்கச் சொல்லவில்லை.

சங்கர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டான். என்னிடம் கேட்டான், "யக்கா, ஒம் மவ காப்பி குடிப்பாளான்னு கேளு." பக்கத்தில் நின்றவள் என்னிடம் ஜெர்மனில், குடிக்க மாட்டேன் என்று சொல் என்றாள். இரண்டு பேருக்கும் தமிழ் தெரியும். நடுவில் நான் ஒருத்தி மொழிபெயர்த்துக்கொண்டு நின்றேன். என் நிலைமையைப் பாருங்கள், அந்தச் சிக்கலில் நான் தம்பியிடம் ஜெர்மனில் பேசி, மகளிடம் "என்னட்டி, ஒரு வாய் குடி" என்று தமிழில் கெஞ்சினேன். "என்னக்கா, நாக்கு சுளுக்கிட்டா?" என்று கேட்டான் சங்கர்.

வீட்டிலும் அதேதான். சோறு என் வழியாகப் பரிமாறப்பட்டது, ஃபேன் என் வழியாகப் போடப்பட்டது. மூன்று நாளில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

இத்தனைக்கும் எங்கள் ஊரே ஒரு ரசிகர் சண்டையில் உண்டான ஊர். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகர்கள். ஒருவன் சிவன் ரசிகன், ஒருவன் பெருமாள் ரசிகன். யார் பெரியவர் என்று விடாமல் சண்டை. அம்மனிடம் போய் நின்றார்கள். அம்மன் என்ன செய்தாள்? நீ சொல்வது சரி, அவன் சொல்வது தப்பு என்றெல்லாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஊசி முனையில் ஒற்றைக்காலில் தவம் நின்றாள். கடைசியில் சாமி பாதி சிவனும் பாதி பெருமாளுமாக வந்து நின்று இரண்டு பேர் வாயையும் அடைத்தார். அந்தக் காட்சியைத்தான் வருஷா வருஷம் ஆடித்தபசு என்று கொண்டாடுகிறோம். அவள் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். அவளுடைய பொறுமையைச் சேர்த்து வைக்க மறந்துவிட்டார்கள்.

7

தபசு அன்று காலையில் பூ மார்க்கெட்டில் நிற்க இடமில்லை. இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து வந்த கூட்டம் ஒரு பக்கம், மாலை வாங்க வந்தவர்கள் ஒரு பக்கம். மித்ராவையும் கூட்டிக்கொண்டு தம்பி கடைக்குப் போனேன். அவன் தராசு முன்னால் நின்று பிச்சிப்பூவை எடை போட்டுக்கொண்டிருந்தான். ராயகிரியிலிருந்து கேந்தி கொண்டுவருகிற வேலாயுதம் அண்ணாச்சி சாக்கை இறக்கிவிட்டு மித்ராவைப் பார்த்தார்.

"ஏ சங்கரு, இதுதான் ஜெர்மனி மருமவளா? தோர்மன் விஷயத்துல ஒங்கிட்ட கோவிச்சவ?"

மார்க்கெட்டுக்கே தெரிந்திருந்தது. சங்கர் நிமிரவில்லை.

"பிள்ள சொன்னதுல என்ன தப்பு?" என்றார் அண்ணாச்சி. "தாய்மாமன் பேரையே கெடுத்துட்டாம்லா அந்தப் பய."

"அவன் துரோகி இல்ல அண்ணாச்சி. எத்தன தடவ சொல்லுதேன். நடிச்சான்." சங்கர் தராசில் ஒரு கை பூவை ஓங்கிப் போட்டான். "அது சில பேருக்குப் புரியாது. மாமனே வேண்டாம்னு ஒதுக்குத ஆளுகளுக்கு எப்படிப் புரியும்?"

மித்ராவைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. சொல்ல அவளிடம் பதில் இருக்கிறது. அந்த ஒரு பதில் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும். அவள் சொல்லவில்லை. அவனுக்காகவே சொல்லவில்லை. அவனோ அவளைக் குத்திக்கொண்டே இருக்கிறான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை.

"ஏலே சங்கரு, வாய மூடுல! புத்தகத்துல தோர்மன் துரோகியே கெடையாது. துரோகம் பண்ணுனவன் அவ சித்தப்பன் ஹால்வன். டிவிக்காரனுக ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிட்டானுக. புத்தகத்துல தோர்மன் கோட்டை வாசல்ல ஒத்த ஆளா நின்னு அவளுக்காகச் செத்துப் போறாம்ல. இத ஒங்கிட்ட சொன்னா நீ படிக்கும்போது ருசி போயிரும்னு, நீ என்ன பேசினாலும் வாங்கிக்கிட்டு வாய் தெறக்காம நிக்கா இந்தப் பிள்ள. நீ என்னடான்னா..."

மூச்சு வாங்கியது. சங்கர் கையில் பூவோடு அப்படியே நின்றான். இனி என்ன, மாமனும் மருமகளும் கட்டிக்கொண்டு அழுவார்கள், நான் தள்ளி நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம் என்று முந்தானையைக்கூட எடுத்துவிட்டேன்.

"அம்மா!"

மித்ராதான்.

"ஒனக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்கா? இத்தன நாளா நான் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்லா? மாமா திட்டினாலும் பரவாயில்லன்னு இருந்தேன்லா? ஒரே நிமிஷத்துல மொத்தக் கதையையும் மார்க்கெட்ல வெச்சு ஒடச்சிட்டியே! சொல்ல மாட்டேன்னு எங்கிட்ட சொன்னியா இல்லியா? யாரும்மா ஒங்கிட்ட கேட்டா? எங்க எதச் சொல்லணும்னு ஒனக்கு எப்பவுமே தெரியாது. வாயத் தொறந்தா மூடவும் தெரியாது!"

நான் தம்பியைப் பார்த்தேன், காப்பாற்றுவான் என்று. அவன் பூவைத் தராசில் எறிந்தான்.

"பிள்ள கேக்குததுல என்னக்கா தப்பு? தமிழ்ல எவனாச்சும் போடுவான், படிக்கலாம்னு நான் காத்துக் கெடந்தேன்லா? சடங்குக்குத்தான் என்னைய ஒண்ணும் செய்ய விடல. சரின்னு போயிட்டேன். இந்தக் கதையையாச்சும் நானா தெரிஞ்சுக்க விட்டியா நீ?"

"அதான மாமா!" என்றாள் மித்ரா.

"வாசல்ல நின்னு சாவுதானாம்லா. இத நான் படிச்சுலா அழுதிருக்கணும்!"

"அந்த சீன் பயங்கரமா இருக்கும் மாமா. இருபது பக்கம். எல்லாத்தையும் கெடுத்துட்டா இவ."

மாமனும் மருமகளும் தோளோடு தோள் சேர்ந்து நின்று என்னை முறைத்தார்கள். வேலாயுதம் அண்ணாச்சி, "நானும்தாம்மா காதுல கேட்டுத் தொலச்சிட்டேன்" என்று அவர் பங்குக்கு ஒரு பார்வை பார்த்தார்.

"இதுல இவளுக்கு ஒரு தியரி வேற மாமா" என்று மித்ரா அவனிடம் முறையிட ஆரம்பித்தாள். "ராணி சாகலியாம். உயிரோட இருக்காளாம். ஆத்துல விழுந்தவ எப்படிம்மா பொழைப்பா? கொஞ்சமாச்சும் யோசிச்சுப் பேச மாட்டியா? லூசு மாதிரி பேசுத!"

வேறொரு தாயாக இருந்தால் பூ மார்க்கெட் நடுவில், அத்தனை பேர் பார்க்க, மகளிடம் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு அவமானத்தில் குன்றிப் போயிருப்பாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பதினேழு வயதுப் பிள்ளை. அவள் என்னைத் திட்டியதில் முதல்முறையாக ஒரு சொல்கூட எனக்கு விட்டுப் போகவில்லை. அறிவிருக்கா என்றது புரிந்தது. வாய் மூடத் தெரியாது என்றது புரிந்தது. லூசு என்றதும் அட்சர சுத்தமாகப் புரிந்தது. நானாக நிரப்பிக்கொள்ள எந்த இடமும் மிச்சமில்லை.

சங்கர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "இரி மக்கா, கத்தாத, தொண்ட கட்டிரும்" என்று அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவள் வாங்கிக் குடித்தாள். குடித்து முடித்ததும் எங்கே நிறுத்திவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அதனால் சொன்னேன், "பொணத்த யாருட்டி பாத்தா? ராணி உசுரோடதான் இருக்கா."